சிவப்பு விளக்கும் சைரன் ஒலியும்

சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் நிற்கின்றன. முன்வரிசையில் ஓர் ஆட்டோ. அதன் பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர். பின்னால் ஒரு கார், ஒரு டெம்போ, அதற்கும் பின்னால் ஒரு பஸ்.

தூரத்தில் ஓர் ஒலி கேட்கிறது. ஏறி ஏறி இறங்கும் ஒலி. சைரன்!

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதற்கு வழி இல்லை. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். "போ, போ" என்று கத்துகிறார்கள்.

ஆட்டோக்காரர் முன்னால் பார்க்கிறார். சாலையில் வெள்ளைக் கோடு. கம்பத்தின் மேல் கேமரா. கோட்டைத் தாண்டினால் அபராதம் வரும். தாண்டாவிட்டால் ஆம்புலன்ஸில் இருக்கும் உயிர் என்ன ஆகும்?

அவர் அசையவில்லை. பச்சை விளக்கு வந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். ஆம்புலன்ஸும் போய்விட்டது. ஆனால் அன்று முழுவதும் அவர் மனம் சரியாக இல்லை.

இவர் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுபவர். சிவாஜி நகர்ப் பக்கம் இவருடைய ஸ்டாண்டு. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. இரவுப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தமிழ் படிப்பார். இங்கிலீஷ் எழுத்துகளையும் இப்போது கற்று வருகிறார்.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மாலையில் அங்கே ஒரு பெரியவர் வந்து உட்காருவார். பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆட்டோக்காரர் அவரிடம் போனார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். சிவப்பு விளக்கில் நிற்கிறோம். பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது. தாண்டிப் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

பெரியவர் சிரித்தார். "ஒரே வார்த்தையில் முடியாது தம்பி. உட்கார். டீ சொல்லு."

டீ வந்தது. பெரியவர் காலி டம்ளர்களை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார். இரண்டு வரிசை. ஒரு வரிசையில் மூன்று டம்ளர். நெருக்கமாக வைத்தார். பின்னால் ஒரு தீப்பெட்டியை வைத்தார்.

"இந்தத் தீப்பெட்டிதான் ஆம்புலன்ஸ். இது எப்படிப் போகும்?"

"போக முடியாதே."

"முன்னால் இருக்கும் ஒரு டம்ளரை மட்டும் எடுத்தால்?"

"அப்போதும் முடியாது. பின்னால் இருப்பவை மறிக்கின்றனவே."

"சரியாகச் சொன்னாய்" என்றார் பெரியவர். பிறகு இடது வரிசையில் இருந்த மூன்று டம்ளர்களையும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். வலது வரிசை டம்ளர்களை வலது பக்கம் தள்ளினார். நடுவில் வழி வந்தது. தீப்பெட்டி இடிக்காமல் முன்னால் போனது.

"ஆம்புலன்ஸ் பெரிய வண்டி அல்ல. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எல்லா வண்டியும் ஒரு முழம் ஒதுங்கினால் போதும். பெரும்பாலான சிக்னலில் யாரும் கோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஒதுங்குவதே இல்லை. முன்னால் இருப்பவனைப் பார்த்து ஹாரன் அடிக்கிறோம்."

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகின்றன. ஆகவே பொதுவாக இடது பக்கம்தான் ஒதுங்க வேண்டும். ஓடும் வண்டிக்கும் அதுதான் விதி. வேகத்தைக் குறைத்து இடது ஓரமாகப் போய் நிறுத்த வேண்டும். ஆனால் சிக்னலில் வண்டிகள் நெருங்கி நிற்கும்போது, வலது ஓரத்தில் நடுத்திட்டை ஒட்டி நிற்பவர் இடது பக்கம் வர முடியாது. அவர் குறுக்கே வந்தால் உள்ள வழியும் அடைபட்டுப் போகும். அவர் திட்டை ஒட்டியே ஒதுங்கட்டும்.

ஒதுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கண்ணாடி. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் இடைவெளி தேடுகிறது என்று பாருங்கள். அடுத்து இண்டிகேட்டர், அல்லது கை. எந்தப் பக்கம் போகிறோம் என்று மற்றவருக்குக் காட்டுங்கள். பிறகுதான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சைரன் கேட்டதும் பதறி பிரேக்கை அழுத்தக் கூடாது. பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் வந்து மோதுவார். ஓர் ஆம்புலன்ஸுக்கு வழிவிடப் போய் இன்னோர் ஆம்புலன்ஸுக்கு வேலை வைத்த கதை ஆகிவிடும்.

"சரி அண்ணே. எல்லோரும் ஒதுங்கியும் வழி வரவில்லை. நான் முன்வரிசையில் நிற்கிறேன். நான் முன்னால் போனால்தான் வழி. அப்போது?"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். இதுதான் முக்கியமான கேள்வி.

"அங்கே போலீஸ்காரர் இருந்தால் அவர் கையைப் பார். விளக்கு எந்த நிறமாக இருந்தாலும் போலீஸ்காரர் கைதான் பெரியது. அவர் வா என்றால் வரலாம். போலீஸ்காரர் இல்லை என்றால், நீதான் யோசிக்க வேண்டும். குறுக்குச் சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் போகாதே. நின்ற இடத்திலேயே ஓரமாக ஒதுங்கு. குறுக்கே வண்டி இல்லை, அல்லது அவர்களும் நின்றுவிட்டார்கள் என்றால், மெல்ல முன்னால் நகர்ந்து ஓரத்தில் நில். ஆம்புலன்ஸ் போகட்டும். அப்புறமும் நீ அங்கேயே நிற்க வேண்டும். பச்சை வந்த பிறகுதான் போக வேண்டும். கோட்டைக் கொஞ்சம் தாண்டி ஓரத்தில் நிற்பது வேறு. இதுதான் சாக்கு என்று சிக்னலையே தாண்டி ஓடுவது வேறு."

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் விதிகளின்படி, அவசர வேலையாகப் போகும்போது அவை சிவப்பு விளக்கைக் கடந்து போகலாம். அதுவும் மற்றவருக்கு ஆபத்து இல்லாமல் பார்த்துக் கடக்க வேண்டும். அந்தச் சலுகை வண்டிக்கு மட்டும்தான். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு பறக்கும் பைக்குக்கு இல்லை. பெங்களூரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இந்த வழக்கம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வழி உண்டாக்கும். பின்னாலேயே நான்கு பைக் நுழையும். ஆம்புலன்ஸ் சட்டென்று நின்றால் அந்த நால்வரின் கதி என்ன? பின்னால் இன்னோர் அவசர வண்டி வந்தால் அதற்கும் இவர்கள்தான் தடை. தீ பிடித்த இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் போவது உண்டு. முதல் வண்டி போனதும் சாலை நடுவில் வந்துவிடாதீர்கள். கண்ணாடியை இன்னொரு முறை பாருங்கள்.

பச்சை விளக்கில் வருபவருக்கும் கடமை உண்டு. இதைப் பலர் நினைப்பதே இல்லை. "எனக்குப் பச்சை, நான் போவேன்" என்று வேகமாக வருவார்கள். குறுக்கே ஆம்புலன்ஸ் சிவப்பைக் கடந்து வரும். பெரிய மோதல்கள் சந்திப்பில்தான் நடக்கின்றன. தீயணைப்பு வண்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தப் பாரத்தோடு அது நினைத்த இடத்தில் நிற்க முடியாது. சைரன் கேட்டால், பச்சை இருந்தாலும் வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். சாலையைக் கடக்க நடந்து வருபவரும் நடைபாதையிலேயே நிற்க வேண்டும்.

சைரன் கேட்க வேண்டுமே! காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுபவருக்கு எப்படிக் கேட்கும்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் பாட்டைச் சத்தமாக வைப்பவருக்கும் அதே கதிதான். அதனால்தான் சுழலும் விளக்கும் இருக்கிறது. முன்பு பெரிய பதவியில் இருந்தவர்களின் கார்களிலும் சிவப்பு விளக்கு சுழலும். 2017 மே 1 முதல் அது நிறுத்தப்பட்டது. ஆகவே இப்போது விளக்கு சுழல, சைரன் ஒலிக்க ஒரு வண்டி வந்தால், அது அவசர வண்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோக்காரருக்கு இன்னொரு சந்தேகம். கேட்கக் கொஞ்சம் வெட்கம். மெல்லக் கேட்டார்.

"அண்ணே, ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறதே, அதை என்னால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் மறந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது."

பெரியவர் பலமாகச் சிரித்தார். "உனக்கு மறக்கவில்லை தம்பி. எழுத்தே திரும்பித்தான் இருக்கும்! அது நேரில் பார்ப்பவருக்காக எழுதியது அல்ல. முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்ப்பாரே, அவருக்காக எழுதியது. கண்ணாடி எதையும் இடம் வலமாக மாற்றிக் காட்டும். திரும்பிய எழுத்து அதில் நேராகத் தெரியும்."

ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் ஒன்பது எழுத்து. ஏ, எம், பி, யு, எல், ஏ, என், சி, இ. இவற்றில் ஏ, எம், யு ஆகியவை கண்ணாடியிலும் அப்படியே தெரியும். மற்றவை திரும்பிவிடும். தமிழிலும் இப்படி உண்டு. ஒரு தாளில் 'ப' என்று பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் 'ட' எழுதுங்கள். கண்ணாடி முன் பிடியுங்கள். 'ப' மாறாது. 'ட' திரும்பி நிற்கும். வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள், அவர்களுக்கும் பிடிக்கும்.

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் பேச்சில் நுழைந்தார். அவரும் ஆட்டோ ஓட்டுபவர்தான்.

"எல்லாம் சரி அண்ணே. ஆனால் பாதி ஆம்புலன்ஸில் ஆளே இருப்பதில்லை. காலி வண்டியில் சைரன் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதற்கு எதற்கு வழிவிட வேண்டும்?"

பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, நோயாளியைக் கொண்டுவர வேண்டும் என்றால் முதலில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? போகும்போது வண்டி காலியாகத்தான் இருக்கும். அங்கே ஒருவர் மூச்சு விட முடியாமல் கிடப்பார். நீ மறிப்பது அவரைத்தான். வீண் சைரன் போடுகிறவனும் எங்காவது இருப்பான். அவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி உண்மை, எந்த வண்டி பொய் என்று உன்னால் சொல்ல முடியாது."

டீக்கடை அக்கா அதுவரை பேசவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என் தங்கச்சிக்கு வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. முதல் குழந்தை. குழந்தை நன்றாக இருந்தது. ஆனால் அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. 108-க்குப் போன் செய்தோம். வண்டி சீக்கிரமே வந்தது. ஏற்றினோம். அப்புறம்தான் சிக்னல்கள். வண்டியில் வந்த பெண் அவள் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே வந்தாள். ஒரு சிக்னலில் நின்றோம். பச்சை வந்தது, மறுபடி சிவப்பு வந்தது. நாங்கள் அதே இடத்தில். நான் கதவைத் திறந்து கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் ஒரு லாரி டிரைவர் இறங்கி, ஒவ்வொரு வண்டியாகத் தட்டி ஒதுங்க வைத்தார்."

"இப்போது எப்படி இருக்கிறாள்?"

"இருக்கிறாள். பிழைத்துவிட்டாள். ஆனால் இரத்தத்தை நிறுத்தக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சீக்கிரம் போயிருந்தால் எடுத்திருக்க மாட்டார்களோ என்னவோ. யாருக்குத் தெரியும்?"

அக்கா திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காவிட்டால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாயின் உயிர் போய்விடக் கூடும். இதயம் நின்றுபோனால் அவகாசம் இன்னும் குறைவு. சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அதைப் பொன்னான நேரம் என்று சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்தால் சில நிமிடங்கள் போய்விடும். நான்கைந்து சிக்னல் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே தனிப் பிரிவு சேர்த்தார்கள். அது 194-இ பிரிவு. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் தொகையைச் சில மாநிலங்கள் குறைத்து வைத்திருக்கின்றன. அதே சட்டத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் குற்றம்தான். முதல் முறைக்கு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆட்டோக்காரர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க ஓட்டினாலும் வாடகையும் பெட்ரோலும் காஸும் போகக் கையில் நிற்பது கொஞ்சம். ஓர் அபராதச் சீட்டு வந்தால் இரண்டு மூன்று நாள் உழைப்பு போய்விடும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயன் இல்லை.

ஆனால் யாருக்கு முதலிடம் என்பதில் குழப்பம் வேண்டாம். அதற்குப் பெங்களூரிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017 ஜூன் 17 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி மெட்ரோ ரயிலின் பச்சைப் பாதையைத் தொடங்கி வைக்கப் பெங்களூர் வந்தார். அவருடைய கார்கள் டிரினிட்டி சர்க்கிள் வழியாக வந்துகொண்டிருந்தன. அப்போது ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. அங்கே நின்ற போக்குவரத்து உதவி ஆய்வாளர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. குடியரசுத் தலைவரின் கார்களை நிறுத்தி, ஆம்புலன்ஸை முதலில் அனுப்பினார். மேலதிகாரிகள் அவரைத் திட்டவில்லை. பாராட்டிப் பரிசு கொடுத்தார்கள். நாட்டின் முதல் குடிமகனே காத்திருக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க மாட்டோமா?

"சரி அண்ணே" என்றார் ஆட்டோக்காரர். "நீங்கள் சொன்ன மாதிரி ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன். ஆனாலும் கேமரா படம் எடுத்துவிட்டது. அபராதச் சீட்டு வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது?"

"அதற்குத்தானே நீ எழுதப் படித்தாய்" என்றார் பெரியவர்.

வந்த அபராதம் தவறு என்றால் போலீசாரிடம் முறையிட நமக்கு உரிமை உண்டு. பெங்களூர்ப் போக்குவரத்துப் போலீசார், ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சிக்னலைத் தாண்ட நேர்ந்தவர்களின் அபராதத்தை நீக்குவோம் என்று 2024-இல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். கேமராவுக்குக் காது இல்லை. அதற்குச் சைரன் கேட்காது.

வண்டியில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏதாவது நடந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு நான்கு விவரங்களை எழுதுங்கள். தேதி, நேரம், சிக்னலின் பெயர், ஆம்புலன்ஸின் எண். எண் முழுதும் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கம் போதும். அன்றே எழுதிவிடுங்கள். சீட்டு வரும்போது நினைவு இருக்காது.

மனுவைக் கன்னடத்தில் கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் தெரிந்தவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கீழே ஒரு மனு இருக்கிறது. இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கோடிட்ட இடங்களை உங்கள் விவரத்தால் நிரப்பி, நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

அனுப்புநர்: ………………
பெறுநர்: போக்குவரத்துக் காவல் அலுவலர் அவர்கள்
பொருள்: ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டதால் வந்த அபராதத்தை நீக்கக் கோருதல்

ஐயா,
என் வண்டியின் எண் ……………… . ………… தேதி ………… மணிக்கு ……………… சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். அப்போது பின்னால் ……………… என்ற எண்ணுள்ள ஆம்புலன்ஸ் சைரனோடு வந்தது. அதற்கு வழிவிடுவதற்காக மட்டும் கோட்டைத் தாண்டி ஓரமாக நின்றேன். பச்சை விளக்கு வந்த பிறகே சந்திப்பைக் கடந்தேன். இதற்காக எனக்கு ……………… எண்ணுள்ள அபராதச் சீட்டு வந்துள்ளது. கேமராப் படத்தைப் பார்த்து, அபராதத்தை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ………………
தேதி: ………………
கையெழுத்து: ………………